அலைகளின் பெயரால் ஒரு வணிகம்



'ஆல்பா அலை', 'மூளை அலைப் பயிற்சி', 'விரல்ரேகை நுண்ணறிவுச் சோதனை' ஆகிய சொற்கள் அண்மைக் காலமாக நம் தமிழ்ப்பள்ளி வட்டாரங்களில் அடிக்கடி காதில் விழுகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்ததும் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு மடிக்கணினி. திரையில் வண்ண வண்ணமாய் நெளியும் கோடுகள். பக்கத்தில் தவணை முறையில் பணம் செலுத்துவதற்கான பாரம். புலனக் குழுக்களிலும் இவற்றின் விளம்பரங்கள் வலம் வருகின்றன. அவற்றுள் ஒன்றை முழுமையாகப் படித்துப் பார்த்தேன். 'ஃபூரியே, வேவ்லெட் கணித முறைகளால் உறுதி செய்யப்பட்டது' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

இந்த ஒரு வரிதான் என்னை எழுதத் தூண்டியது. ஃபூரியே பகுப்பாய்வும் வேவ்லெட் எனப்படும் சிற்றலைப் பகுப்பாய்வும் மாந்த இனம் கண்ட அரிய கணிதக் கருவிகள். ஆனால், எந்தப் பொருளையும் 'உறுதி செய்து' முத்திரை குத்தித் தருவது அவற்றின் வேலை அன்று. ஒரு சமிக்ஞை எவ்வெவற்றால் ஆனது என்று அவை பிரித்துக் காட்டும். அந்தச் சமிக்ஞைக்கு என்ன பொருள் என்று அவை ஒருபோதும் சொல்லமாட்டா. இவ்வேறுபாட்டைப் பெற்றோரிடமிருந்து மறைத்துத்தான் இவ்வணிகம் நடக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. அதனை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். கணிதக் குறியீடு ஒன்றுகூட வராது, அஞ்ச வேண்டா!

யார் இந்த ஃபூரியே?

ஜோசப் ஃபூரியே 1768-இல் பிரான்சு நாட்டின் ஒசேர் என்னும் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பத்து அகவையளவில் தாயையும் தந்தையையும் இழந்தார். பின்னாளில் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்றார். திரும்பி வந்து, கிரெனோபிள் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றினார். அந்த அரசுப் பணிக்கிடையேதான் திடப்பொருள்களில் வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார். 1807-இல் தம் ஆய்வைப் பாரிசிலுள்ள அறிஞர் கழகத்தின்முன் வைத்தார்.

அவர் சொன்னது இதுதான். ஊஞ்சல் சீராக முன்னும் பின்னும் ஆடுவதைப் போல ஏறி இறங்கும் எளிய அலைகள் உள்ளன. எந்த வடிவ வளைகோட்டையும் இத்தகைய எளிய அலைகள் பலவற்றின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம். சில அலைகள் மெதுவாக ஆடும்; சில விரைவாக ஆடும். சிலவற்றின் வீச்சு பெரிது. சிலவற்றின் வீச்சு சிறிது. தக்க அளவில் கூட்டினால் வேண்டிய வடிவம் கிடைத்துவிடும்.

அக்காலத்துக் கணித மேதைகள் இதனை உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. ஆய்வை மதிப்பிட்டவர்களுள் ஒருவரான லக்ராஞ்சு கடுமையாக மறுத்தார். ஃபூரியே திருத்தி எழுதி மீண்டும் அனுப்பினார். 1812-இல் பரிசும் பெற்றார். அப்பொழுதும் நடுவர்கள், நிறுவல் போதிய கண்டிப்புடையதாக இல்லை என்று குறை கூறியே பரிசளித்தார்கள். 1822-இல்தான் அவருடைய நூல் வெளிவந்தது. எத்தகைய வளைகோடுகளுக்கு அவர் கூற்று பொருந்தும் என்பதை 1829-இல் டிரிக்லே என்ற கணித அறிஞர் முறையாக நிறுவினார். கூற்று பிறந்து நிறுவல் கிட்டுவதற்கு 22 ஆண்டுகள்! ஃபூரியேயின் பெயரைத் தங்கள் விளம்பரத்தில் அச்சிடுவோர், ஃபூரியேவே எத்தனை கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது என்பதை அறிந்திருக்கமாட்டார்கள்.

பிரித்தல் என்றால் என்ன?

ஒரே சுரத்தைப் புல்லாங்குழலிலும் வயலினிலும் வாசித்தால், கண்ணை மூடிக்கொண்டே இது குழல், இது வயலின் என்று சொல்லிவிடுகிறோம். இரண்டிலும் அடிப்படை அதிர்வெண் ஒன்றே. அதனோடு அவ்வதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் உடன் ஒலிக்கின்றன. எந்த மடங்கு எவ்வளவு கலந்துள்ளது என்பதில்தான் கருவிக்குக் கருவி வேறுபாடு. ஃபூரியே பகுப்பாய்வு அந்தக் கலவையைப் பிரித்து, எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பட்டியலிட்டுத் தருகிறது.

இதே துறையில் நம்மவர் ஒருவரின் ஆய்வு நினைவுகூரத்தக்கது. சீரான தோல் போர்த்திய முரசில் அடுத்த அதிர்வு, அடிப்படை அதிர்வின் ஏறத்தாழ 1.59 மடங்காக அமைகிறது. முழு மடங்காக அமைவதில்லை. எனவே முரசொலியில் சுருதி தெளிவாக இராது. மிருதங்கத்திற்கோ நாம் சுருதி சேர்க்கிறோம்! இஃது எப்படி இயலும்? திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். 1920-இல் 'நேச்சர்' ஆய்விதழில் இதுபற்றி எழுதினார். 1930-களில் விரிவாக ஆராய்ந்தார். தோலின்மேல் மணலைத் தூவி, அது எங்கெங்கே அதிர்கிறது என்று பார்த்தார். வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சு, தோலின் எடையை மாற்றி மேலதிர்வுகளை முழு மடங்குகளை ஒட்டி அமையச் செய்கிறது. ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவான ஒலிகளாகத் திரள்வதை அவர் எடுத்துக்காட்டினார்.

நோபல் பரிசு பெற்ற அப்பெருமகனார், 'மிருதங்கம் கேட்டால் பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வரும்' என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. அளந்ததைச் சொன்னார், அளக்காததைச் சொல்லவில்லை. அறிவியலாளருக்கும் விற்பனையாளருக்கும் இடையிலுள்ள கோடு இங்கேதான் இருக்கிறது.

மாலையும் மலர்களும்

என் கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். உங்கள் கையில் ஒரு கதம்ப மாலை இருக்கிறது. அதைப் பிரித்து, மல்லிகை 120, ரோசா 15, துளசி 40 என்று எண்ணிவிடலாம். எண்ணிக்கையில் ஒரு பூவும் தவறாது. ஆனால், அந்த மாலை மணவறைக்குக் கட்டியதா, இறுதி ஊர்வலத்திற்குக் கட்டியதா என்று அந்த எண்ணிக்கையைக் கொண்டு சொல்ல முடியுமா? முடியாது. அதைச் சொல்ல ஊர் வழக்கம் தெரிய வேண்டும். கட்டியவரைக் கேட்க வேண்டும். ஃபூரியே பகுப்பாய்வு செய்வது பூக்களை எண்ணும் வேலை. பொருள் வேறிடத்திலிருந்துதான் வர வேண்டும்.

தொலைபேசியைப் பாருங்கள். வங்கிக்கு அழைக்கும்போது 'மலாய் மொழிக்கு 1-ஐ அழுத்தவும்' என்று குரல் கேட்கிறது. நீங்கள் ஓர் எண்ணை அழுத்தியதும் எழும் ஒலி உண்மையில் இரண்டு ஒலிகளின் கலவை. 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸ், 1209 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு. 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ், 1336 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு. மறுமுனையிலுள்ள பொறி, வந்த ஒலியில் எந்த இரண்டு அதிர்வெண்கள் உள்ளன என்று பிரித்துப் பார்த்து, அழுத்திய எண்ணை அறிந்துகொள்கிறது. 770-உம் 1336-உம் சேர்ந்தால் 5 என்று அதற்கு எப்படித் தெரியும்? மாந்தர்கள் முன்கூட்டியே அவ்வாறு வகுத்துவைத்திருக்கிறார்கள். அந்த உடன்பாடு இல்லையேல் அவை இரண்டு வெறும் ஒலிகளே.

இந்தப் பிரிக்கும் வேலை இன்று எங்கும் நடக்கக் காரணம், 1965-இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட விரைவு முறை. 1024 அளவீடுகளைக் கொண்ட ஒரு சமிக்ஞையை நேர்முறையில் பிரிக்க ஏறத்தாழ 10 லட்சம் பெருக்கல்கள் தேவை. அவர்களின் முறையிலோ ஏறத்தாழ 10 ஆயிரம் படிகள் போதும். நூறில் ஒரு பங்கு உழைப்பு! மருத்துவமனையில் காந்த அதிர்வுப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. பொறி அலைகளைத்தான் பெறுகிறது; அவற்றை ஃபூரியே முறையில் மாற்றிய பின்னரே உறுப்பின் படம் திரையில் தோன்றுகிறது. அந்தப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது யார்? பல்லாண்டு பயின்ற மருத்துவர். ஃபூரியே அன்று.

சிற்றலை ஏன் வந்தது?

ஃபூரியே முறைக்கு ஒரு குறை உண்டு. அது பயன்படுத்தும் அலைகள் தொடக்கமும் முடிவும் இல்லாமல் நீள்பவை. எனவே அது தரும் பட்டியலை நேராகப் பார்த்து, எந்த அதிர்வு எந்த நேரத்தில் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பாடல் முழுவதையும் ஒரே சமிக்ஞையாக எடுத்துப் பிரித்தால், எந்தெந்தச் சுரங்கள் எவ்வளவு ஒலித்தன என்று காணலாம். எது முன்னே, எது பின்னே என்று பட்டியலில் பளிச்சென்று தெரியாது. மாலையில் பூக்களை எண்ணியாயிற்று. எந்தப் பூ எங்கே தொடுக்கப்பட்டிருந்தது என்பதோ கண்ணுக்கு எட்டவில்லை.

1946-இல் டென்னிஸ் கேபர் சமிக்ஞையைச் சிறு சிறு துண்டுகளாக்கி ஆராயும் வழியைக் காட்டினார். ஆயினும் துண்டின் அகலம் எங்கும் ஒன்றாகவே இருந்தது. பிரான்சில் எண்ணெய் வளம் தேடும் பணியிலிருந்த புவி இயற்பியலாளர் ழான் மோர்லே வேறு வழி கண்டார். நிலத்துக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு பாறை அடுக்குகளை அறிவது அவர்தம் துறையின் முறை. மெதுவான அதிர்வுகளுக்கு அகன்ற அலையும், திடீரென வந்து மறையும் கூர்மையான அதிர்வுகளுக்குக் குறுகிய அலையுமாக, ஒரே சிற்றலையை நீட்டியும் சுருக்கியும் நகர்த்தியும் அவர் பயன்படுத்தினார். 1984-இல் இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மனுடன் இணைந்து அதற்கு உறுதியான கணித அடித்தளம் அமைத்தார். ஈவ் மேயர், இங்கிரிட் டோபெஷி, ஸ்டெஃபான் மல்லா ஆகியோர் அடுத்த சில ஆண்டுகளிலேயே இதனை ஒரு முழுத் துறையாக வளர்த்தெடுத்தனர். டோபெஷி 1988-இல் வகுத்த சிற்றலைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மேயருக்கு 2017-இல் ஏபெல் பரிசு கிடைத்தது.

14.9.2015 அன்று அமெரிக்காவின் இரண்டு லைகோ ஆய்வகங்களில் ஓர் அதிர்வு பதிவாகியது. அதன் கால அளவு ஏறத்தாழ 0.2 நொடி. அதற்குள் அதன் அதிர்வெண் 35-இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை எகிறியது. சிற்றலைகளைக் கொண்டு தேடிய கணினி நிரல்தான் சில நிமிடங்களுக்குள் அதனை முதலில் அடையாளம் கண்டது. அஃது இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்தபோது எழுந்த ஈர்ப்பு அலை. அறிவியலாளர்கள் மறுநாளே பறை சாற்றினார்களா? கருவிக்கோளாறா, நில அதிர்வா, வேறு இரைச்சலா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, ஐன்ஸ்டைனின் கோட்பாடு தரும் வடிவத்தோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து 11.2.2016 அன்றுதான் அறிவித்தார்கள். நம் மண்டபத்து மேசையிலோ 15 நிமிடத்தில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் அச்சாகி வருகிறது!

விளம்பரத்தின் முதல் கூற்று: 'ஆல்பா அலை கற்றலை வளர்க்கும்'

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மாந்த மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். 1932-இல் டீட்ச் என்பவர் அப்பதிவுகளை ஃபூரியே முறையில் பிரித்துக் காட்டினார். அவ்வாறு பிரிக்கும்போது ஏறத்தாழ 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை அமையும் பகுதிக்கே ஆல்பா என்று பெயர். ஆக, ஆல்பா என்பது அதிர்வெண் பட்டியலில் ஒரு பகுதியின் பெயர். அதுவே அறிவு அன்று, நினைவாற்றலும் அன்று.

ஆல்பா எப்பொழுது ஓங்கும்? கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது. கண்ணைத் திறந்ததும் குறையும். மனக்கணக்குப் போடும்போதும் அது குறைவதைப் பெர்கரே கண்டார். எனவே, மேசையின் முன் பிள்ளையை அமர்த்திக் கண்ணை மூடச் சொன்னால் திரையில் ஆல்பா உயரத்தான் செய்யும். உங்கள் பிள்ளைக்கு மட்டுமா? தலைமையாசிரியருக்கும் உயரும், சிற்றுண்டிச்சாலைப் பணியாளருக்கும் உயரும். இதைக் காட்டிப் பணம் கேட்பது, மூச்சு விடுவதைக் காட்டிப் பணம் கேட்பதற்கு ஒப்பாகும்.

இன்னொன்று. மூளை மின்னலைகள் தலைத்தோலில் ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்து பங்கு அளவே இருக்கும். கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ அதைவிடப் பெரிய மின்னலை எழும். 1970-களில் கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் ஏட்ரியன் அப்டன் இத்தகைய பதிவுக் கருவியை, நம் வீட்டு அகார்-அகாரைப் போன்ற ஜெல்லிக் கட்டியில் பொருத்திக் காட்டினார். சுற்றுப்புறத்து மின்னிரைச்சலால் அதிலும் மூளை அலைகளைப் போன்ற கோடுகள் தோன்றின! கருவிக்குள் எதைச் செலுத்தினாலும் ஃபூரியே முறை ஒரு பட்டியலைக் கொடுத்தே தீரும். வந்தது மூளையிலிருந்தா, ஜெல்லியிலிருந்தா என்று அது கேட்காது. கேட்க வேண்டியவர்கள் நாம்.

இரண்டாம் கூற்று: 'இந்த இசையில் ஆல்பா அலை பதிக்கப்பட்டுள்ளது'

இதனை மறுக்க ஃபூரியே முறையே போதும். மாந்தச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வைச் சுருதியாகக் கேட்பதில்லை. எனவே இவர்கள் ஓர் உத்தியைக் கையாளுகிறார்கள். இடச்செவிக்கு 200 ஹெர்ட்ஸ். வலச்செவிக்கு 210 ஹெர்ட்ஸ். கேட்பவருக்கு நொடிக்கு 10 முறை துடிப்பது போன்ற உணர்வு எழும். 19-ஆம் நூற்றாண்டிலேயே டோவே என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் இதைக் கண்டறிந்துவிட்டார். வயலினுக்குச் சுருதி சேர்ப்போர், இரு தந்திகள் சற்றே பிசகியிருக்கும்போது ஒலி அலையலையாக ஏறி இறங்குவதை அறிவர். அதற்கு நெருங்கிய உறவுதான் இது. அந்த ஒலிப்பதிவைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் 200-இல் ஒரு கோடு. மறுபக்கம் 210-இல் ஒரு கோடு. 10-இல் ஒன்றுமே இராது! 'பதிக்கப்பட்டுள்ளது' என்று விற்கப்படும் பொருள் அந்தப் பதிவிலேயே இல்லை.

ஒரு பேச்சுக்கு 10 ஹெர்ட்ஸ் அதிர்வு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். மூன்று இறக்கைகள் கொண்ட கூரை மின்விசிறி நிமிடத்திற்கு 200 முறை சுற்றினால், ஓர் இடத்தை நொடிக்கு 10 இறக்கைகள் கடக்கின்றன. அதுவும் 10 ஹெர்ட்ஸ்தான். அப்படியானால் நம் வகுப்பறை விசிறிகள் எல்லாம் ஆல்பா அலையைப் பொழிகின்றனவா? எண் ஒன்றாய் இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. மூளையில் நிகழ்வது மின்மாற்றம்; செவியில் விழுவது காற்றின் அதிர்வு; கூரையில் சுழல்வது விசிறி.

மூன்றாம் கூற்று: 'விரல்ரேகையில் நுண்ணறிவு தெரியும்'

விரல்ரேகைக்கும் சிற்றலைக்கும் உண்மையான தொடர்பு உண்டு. அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையிடம் கோடிக்கணக்கான விரல்ரேகை அட்டைகள் சேர்ந்திருந்தன. ஓர் அட்டையைக் கணினியில் ஏற்றினால் ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் பிடித்தது. கைப்பேசிப் படங்களுக்குப் பயன்படும் ஜேபெக் முறையில் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். அம்முறை படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிப்பது. மிகுதியாகச் சுருக்கினால் கட்டங்களின் ஓரங்கள் துருத்திக்கொண்டு தெரியும். ரேகையின் நுண்ணிய முனைகளும் கிளைகளும் சிதைந்தன. ஆகவே 1993-இல் சிற்றலை முறையைத் தரமுறையாக ஏற்றார்கள். ஏறத்தாழ 15-இல் ஒரு பங்காகச் சுருக்கியும் ரேகை தெளிவாக நின்றது.

அந்தத் தெளிவு எந்த வினாவிற்கு விடை தருகிறது? 'இது யாருடைய விரல்?' என்ற ஒரே வினாவிற்கு. 'இவர் எப்படிப்பட்டவர்?' என்ற வினாவிற்கு அன்று. விரல்ரேகை, குழந்தை கருவில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. பிறவிக் குறைபாடுகள் சிலவற்றில் கைரேகை அமைப்பும் வேறுபடுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர் என்பது மெய். அங்கிருந்து, 'இப்பிள்ளைக்குக் கணித நுண்ணறிவு 9 விழுக்காடு, இசை நுண்ணறிவு 16 விழுக்காடு' என்று தாவுவதற்குப் பாலம் எங்கே? பன்முக நுண்ணறிவு பற்றி ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் எழுதிய நூலும் விரலை மையில் தோய்த்து நுண்ணறிவை அளக்கச் சொல்லவில்லை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நார் மணக்கவில்லை. மணப்பதாக விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

'இதனால் என்ன கேடு?' என்போருக்கு

'பணம் போனால் போகட்டும். பிள்ளைக்கு நம்பிக்கை வருகிறதே!' என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்ட பின்னர், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று அறியாமல் தவித்த பெற்றோர் பலரை நான் கண்டிருக்கிறேன். அந்த வெற்றிடத்தில்தான் வண்ண அறிக்கைகள் வந்து அமர்ந்தன.

ஆனால், அறிக்கை நம்பிக்கையை மட்டுமா தருகிறது? என் வகுப்பில் ஆண்டு 4 மாணவன் ஒருவன் பின்னப் பாடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். ஏனென்று வினவினேன். "எனக்குக் கணக்கு வராது டீச்சர், ரிப்போர்ட்லயே போட்டிருக்கு" என்றான். பத்து அகவைப் பிள்ளை! அதற்கு முந்திய வாரம் வரை தப்பும் தவறுமாகவேனும் போட்டுப் பார்த்தவன். அந்த அறிக்கைக்குக் குடும்பம் சில நூறு ரிங்கிட் கொடுத்திருந்தது. பின்னம் அவனுக்குப் பிடிபட எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. 'வராது' என்ற சொல்லை அவன் மனத்திலிருந்து அகற்ற ஒரு பருவமே தேவைப்பட்டது. நல்ல எண்ணம் கொண்ட பெற்றோரே காசு கொடுத்து வாங்கிய சொல் அது.

'என் பிள்ளை பயிற்சிக்குப் பிறகு முன்னேறிவிட்டானே' என்பது அடுத்த வாதம். இதற்கான விடை நம் தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம் அல்லவா? பயிற்சிக்குச் சேர்த்த நாள்முதல் தாய் நாள்தோறும் உடன் அமர்ந்து படிக்கவைத்தார். கைப்பேசி நேரத்தைக் குறைத்தார். பிள்ளைக்கும் மூன்று மாத வளர்ச்சி கூடியது. இத்தனை மாறிகளையும் விட்டுவிட்டு முன்னேற்றத்தைக் காதொலிக் கருவிக்கு எழுதிவைத்தால், ஆண்டு 5 மாணவனே நம்மைத் திருத்துவான். முன்னேற்றத்திற்கு உரியவர் அந்தத் தாய். பாராட்டு அவருக்குச் சேரட்டும்.

'ஃபூரியே பற்றிப் பேசத் தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு என்ன தகுதி?' என்று ஒரு விற்பனையாளர் என்னிடமே கேட்டார். நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றவள், பொறியாளர் அல்லள். ஆனால், சான்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. உற்றறிதல், அளவெடுத்தல், ஊகித்தல் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், மண்டபத்து மேசையின் முன் அவற்றை மறந்துவிடலாமா?

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, இத்தகைய பொருளை உங்களிடம் விற்க வருவோரிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள்.

1. இக்கருவி எதை அளக்கிறது? அதன் அலகு என்ன?
2. அந்த அளவுக்கும் கற்றலுக்கும் தொடர்பு உண்டு என்பதை, இதை விற்காத யார் சோதித்தார்கள்?
3. பயிற்சி பெற்ற பிள்ளைகளைப் பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டார்களா?
4. அதே பிள்ளையை அடுத்த வாரம் பெயர் மாற்றி அழைத்து வந்தால், அதே அறிக்கை வருமா?

நான்காம் வினாவுக்கு மட்டுமாவது அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விடை கேளுங்கள். விரல்ரேகை மாறாது; எனவே அறிக்கை மாறாமல் வரலாம். மாறாமல் வருவதாலேயே அது மெய்யாகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அப்பொழுது இரண்டாம் வினாவுக்குத் திரும்புங்கள்.

ஆசிரிய நண்பர்களே, நம் பங்கும் உண்டு. பள்ளி மண்டபத்தில் விற்கப்படும் பொருளுக்குப் பள்ளியின் பெயரே சான்றிதழாகிவிடுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், மேற்கண்ட வினாக்களுக்கு எழுத்துவழி விடை தராத எவருக்கும் மண்டபத்தில் இடமில்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவருவோம்.

அதோடு நின்றுவிடாமல், உண்மையான ஃபூரியேவைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வோம். ஒலியின் அதிர்வெண்களைத் திரையில் காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசியில் உள்ளன. வகுப்பில் ஒரு பிள்ளை 'ஆ' என்று நீட்டட்டும், அடுத்த பிள்ளை அதே சுருதியில் 'ஈ' என்று நீட்டட்டும், ஒருவர் சீட்டியடிக்கட்டும், ஒருவர் மேசையைத் தட்டட்டும். ஒவ்வொன்றுக்கும் திரையில் கோடுகள் எப்படி மாறுகின்றன என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். சீட்டிக்கு ஏறத்தாழ ஒற்றைக் கோடு; குரலுக்குப் படிக்கட்டுபோல் பல கோடுகள்; மேசைத் தட்டலுக்குச் சிதறிய கூட்டம். 'ஏன் டீச்சர்?' என்ற கேள்வி வகுப்பின் நாலாபக்கமும் எழுகிறது. அரைமணி நேரம், ஒரு காசு செலவில்லை.

உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் பெற்றோரையும் அழைத்து உட்காரவையுங்கள். தங்கள் பிள்ளையின் குரல் எவற்றால் ஆனது என்று தாங்களே கண்டவர்கள், அடுத்த முறை நெளியும் கோடுகளைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் எளிதில் ஏமாறமாட்டார்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.